சந்தை நாள் ஊசி

எந்த வேலையிலும் நான் அதிக நாள் தங்கியதில்லை. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தேன். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கினேன். சுருட்டுக் கம்பெனியில் புகையிலை மூட்டை சுமந்தேன். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இவைதான் கிடைக்கும். கிடைத்ததைப் பார்த்தேன், சலித்தபோது விட்டேன். ஐம்பதுகளின் பின்பாதியில் அப்படிப் போய்ச் சேர்ந்த இடம் ஊருக்குள் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஸ்டவ் பற்ற வைப்பது, தண்ணீர் சுமப்பது, நடக்க முடியாதவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றுவது என் வேலை. தோல் ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவனுக்கு ஸ்பிரிட் நெடி நல்ல வாசனையாகவே இருந்தது.

வியாழக்கிழமை அய்யலூரில் ஆட்டுச் சந்தை. சுற்று வட்டாரத்து ஆடெல்லாம் அன்றைக்கு அங்கேதான். ஆட்டோடு வருகிற ஆளுக்கும் காய்ச்சல், இருமல், கால் புண் என்று ஏதாவது இருக்கும். எங்கள் டாக்டர் சந்தையை ஒட்டி ஒரு ஓட்டுக் கட்டிடத்தை வாடகைக்குப் பிடித்து, சந்தை நாளில் மட்டும் அங்கே வைத்தியம் பார்த்தார். பழைய வேன் ஒன்றில் டாக்டர் முன்னால் உட்காருவார். பின்னால் மருந்துப் பெட்டியும் ஸ்டவ்வும் தண்ணீர்க் குடமும், அவற்றுக்கு நடுவில் நர்சம்மாவும் நானும்.

நர்சம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். நிலக்கோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா இல்லை. மதுரையில் தங்கிப் படித்துப் பாஸ் செய்தவர். தாயாரைத் தன்னோடு வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஒற்றை அறையில் குடியிருந்தார். அதிகம் பேசமாட்டார். வேன் குலுங்கும்போது சிரிஞ்சுப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் பிடித்துக்கொண்டு வருவார்.

அப்போதெல்லாம் சிரிஞ்சு கண்ணாடி. ஊசியும் ஒரே ஊசிதான், முனை மழுங்கினால் கல்லில் தீட்டித் திரும்பவும் போடுவார்கள். ஒருவருக்குப் போட்டதும் இரண்டையும் கழற்றிக் கொதிநீரில் போட வேண்டும். நன்றாகக் கொதித்த பிறகு இடுக்கியால் எடுத்து, ஆறவிட்டு, அடுத்த ஆளுக்குப் போட வேண்டும். ஸ்டவ்வைப் பம்பு அடித்து அணையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

சந்தைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. காத்திருக்க வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்று, காய்ச்சல் உடம்புக்குச் சூட்டு ஊசி ஆகாது என்று அவர்கள் தீர்மானமாக நம்பினார்கள். கொதிக்கிற தண்ணீரிலிருந்து ஊசி எழுந்து வருவதைப் பார்த்ததுமே பலர் கையை இழுத்துக்கொள்வார்கள். அவர்களில் பெரிய வாய் ஓர் ஆட்டுத் தரகருக்கு. தோளில் துண்டு, வாயில் புகையிலை. அந்தச் சந்தையில் அவர் சொல்லுக்கு ஆள் திரும்பும்.

"ஏம்மா, ஏற்கெனவே ஒடம்பு கொதிக்குது. அதுக்குள்ள சுடுதண்ணி ஊசிய வேற ஏத்துறியே. சூடு மண்டைக்கு ஏறுனா என் கிடாய யாரு விக்கிறது?"

"ஆற வச்சுத்தான் போடுறேண்ணே. செத்த நேரம் நில்லுங்க."

"நான் நிப்பேன். கிடா நிக்குமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நர்சம்மாவும் லேசாகச் சிரித்துவிட்டு ஸ்டவ்வைப் பார்த்தார்.

சந்தைக்கு எதிர்ச்சாரியில் வேறொருவன் ஊசி போடத் தொடங்கினான். கொதியும் இல்லை, காத்திருப்பும் இல்லை. எங்கள் கூட்டம் குறைந்தது. ஒருநாள் டாக்டர் என்னிடம் வந்து, "ஸ்டவ் பத்த வைக்க வேண்டாம். திண்டுக்கல்லிலேயே காலையிலே கொதிக்க வச்சு எடுத்துட்டு வந்துரு. இங்கே பச்சைத் தண்ணியிலே அலசி ஸ்பிரிட்டாலே தொடச்சாப் போதும்" என்றார்.

நர்சம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "தொடச்சாப் போதாது சார். எல்லாருக்கும் இதே ஊசிதானே."

"ஜனங்க என்ன கேக்குதோ அதைச் செய்யணும்மா. நீ கொதிக்க வச்சுக்கிட்டே இரு, எல்லாரும் எதிர்த்தாப்பிலே போயிருவாங்க. அங்கே மட்டும் என்ன கொதிக்க வச்சா போடுறான்?"

சில சந்தைகள் அப்படியே நடந்தன. நர்சம்மா அலசினார், துடைத்தார், போட்டார். கூட்டம் திரும்பி வந்தது. தரகர் தன் மனைவியையே கூட்டிவந்து, "இப்பத்தான் ஊசி ஊசி மாதிரி இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அந்த அம்மாளை அதன் பிறகு மாட்டு வண்டியில் குப்புறப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே ஊசி போட்ட இடம் பெரிய கட்டியாக வீங்கிச் சீழ் கோத்திருந்தது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. டாக்டர் உள்ளே அறுத்துவிட்டார். வெளியே தரகர் நர்சம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"கையில என்னத்த வச்சுக்கிட்டுப் போட்ட? நல்லா நடந்து வந்தவள இப்பிடித் தூக்கிட்டு வரவச்சுட்டியே."

"கையில ஒண்ணுமில்லைண்ணே. ஊசி கொதிக்கல. அடுத்தவங்க ஒடம்பு அழுக்கு அக்கா ஒடம்புக்குள்ள போயிருச்சு. நான்தான் போட்டேன். இனிமே கொதிக்காத ஊசிய யாருக்கும் போடமாட்டேன்."

அறுத்த கத்தியைக் கையில் பிடித்தபடி டாக்டர் வாசலில் நின்றிருந்தார்.

அடுத்த சந்தைக்குச் சுகாதார அதிகாரி காலரா ஊசி போட மதுரையிலிருந்து ஆட்களோடு வந்து புளியமரத்தடியில் மேஜை போட்டிருந்தார். நர்சம்மா நேராக அவரிடம் போய் நடந்ததைச் சொன்னார். டாக்டர் சொன்னது, தான் செய்தது, தரகர் மனைவிக்கும் வேறு சிலருக்கும் கட்டி வந்தது, எல்லாவற்றையும். நான் குடத்தோடு பக்கத்தில் நின்றேன். அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "விசாரிக்கிறேன், போங்க" என்றார். ஓட்டுக் கட்டிடத்து வாசலிலிருந்து டாக்டர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த சந்தைக்கு வேன் நர்சம்மா இல்லாமல் புறப்பட்டது. அவர் இடத்தில் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கிற கம்பவுண்டர் ஏறி உட்கார்ந்தார். நர்சம்மாவைத் திண்டுக்கல்லிலேயே விட்டு, மலச்சட்டி கழுவும் வேலைக்குப் போட்டார்கள். அதற்கென்று இருந்த ஆளைச் சும்மா உட்கார வைத்துவிட்டு அவரைச் செய்யச் சொன்னார்கள். அவர் செய்தார். மற்றவர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். பிறகு வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொன்னார். வீட்டுக்காரர் டாக்டருக்கு வேண்டியவர். கடைசியில் வேலையை விட்டே நிறுத்திவிட்டு, நர்சுகளைப் பதிவு செய்யும் மதராஸ் ஆபீசுக்கு டாக்டர் புகார் அனுப்பினார். அய்யலூரில் வந்த கட்டிகள் எல்லாம் இந்த நர்சின் கைச்சுத்தம் இல்லாததால் வந்தவை, இவருடைய பெயரை நீக்க வேண்டும் என்பது புகார்.

நர்சம்மா வேறு ஆஸ்பத்திரிகளில் கேட்டுப் பார்த்தார். ஊரில் இருந்த டாக்டர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். வாசலிலேயே, இடம் இல்லை என்றார்கள்.

புது வீடு கோட்டைக்குளத்துக்கு அந்தப் பக்கம் கிடைத்தது. நான் கைவண்டியில் கட்டிலையும் டிரங்குப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். அவருடைய தாயார் அடுப்புக்கு இடம் பார்த்துக்கொண்டே புலம்பினார்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல. ஊர்ல எல்லா நர்சும் இருக்காங்கள்ல."

"இருந்திருக்கலாம்மா. இன்னும் எத்தனை பேருக்குக் கட்டி வந்திருக்குமோ."

நான் ஆறுதலுக்கு என்று, "வேலைதானே, இது போனா வேற ஒண்ணு" என்றேன்.

அவர் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "உங்களுக்குச் சரி. நீங்க எத்தனையோ பாத்திருக்கீங்க. எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். வேலை போனதப் பத்தி நான் யோசிக்கல. பேர அடிச்சுட்டாங்கன்னா நான் நர்சே இல்லைன்னு ஆயிரும். அப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் ஊசியத் தொட முடியாது."

சட்டை மாற்றுவது போல வேலை மாற்றியவன் நான். அவர் சொன்னது எனக்கு உடனே பிடிபடவில்லை. கைவண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது யோசித்தேன். சொல்லுமளவுக்கு என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ள யாருக்கும் எதுவும் இருந்ததில்லை. அவரிடம் இருந்தது.

அய்யலூரில் கம்பவுண்டர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நான் ஸ்டவ்வைக் கொண்டுபோவதே இல்லை. ஒரு சந்தையில் தரகர் ஒருக்களித்து நடப்பதைப் பார்த்தேன். டீக்கடையில் பெஞ்சு காலியாக இருந்தும் நின்றபடியே டீ குடித்தார்.

"ஒக்காருங்களேன்" என்றேன்.

"நின்னா ஒனக்கென்ன? பெஞ்சு தேஞ்சா போகும்?"

"எங்க கம்பவுண்டர்கிட்ட ஊசி போட்டீகளா?"

அவர் பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்தார். "இருமலுக்குப் போட்டேன். கட்டி வந்து இப்பத்தான் ஒடஞ்சிருக்கு. யார்கிட்டயும் சொல்லிராத அப்பு. போன வாரம் ஒக்கார முடியாம நின்னுக்கிட்டே வெல பேசுனேன், வாங்க வந்தவன் நான் அவசரத்துல இருக்கேன்னு நெனச்சு வெலயக் கொறச்சுட்டான்."

டாக்டர் அனுப்பிய புகாரை விசாரிக்க மதராஸ் ஆபீஸ் சொல்லிச் சுகாதார அதிகாரி வரப்போவதையும், நர்சம்மாவின் பெயரை நீக்கப் பார்ப்பதையும் சொன்னேன்.

"நீக்கட்டும். எம் பொண்டாட்டி பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்தம்மா போட்டதுலதானே அவளுக்கு வந்துச்சு?"

"ஆமா. உங்களுக்கு யாரு போட்டதுல வந்துச்சு?"

அவர் டீ கிளாசைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஆட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். விசாரணைக்கு வருவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

விசாரணை சந்தை நாளிலேயே, அந்த ஓட்டுக் கட்டிடத்திலேயே நடந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் அங்கேதானே வருவார்கள். அதிகாரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஒரு பக்கம் டாக்டரும் கம்பவுண்டரும். இன்னொரு பக்கம் வெள்ளைச் சேலையில் நர்சம்மா. வேலை இல்லாவிட்டாலும் வெள்ளைச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு, பஸ் பிடித்து வந்திருந்தார். சன்னல் முழுக்கச் சந்தைக்காரர்களின் தலை.

முதலில் என்னைக் கேட்டார். பற்ற வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

டாக்டர் கோபப்படவில்லை. "சார், இவன் நேத்து வந்தவன். நாளைக்கு எங்கே இருப்பானோ. எவ்வளவு காலம் ஒரு இடத்திலே இருந்திருக்கான்னு கேளுங்க."

கேட்டார். எங்கும் ரொம்ப நாள் இருந்ததில்லை என்றேன். அது உண்மை.

நர்சம்மாவைக் கேட்டார். "ஆட்டுத் தரகர் சம்சாரத்துக்கு யாரு ஊசி போட்டது?"

"நான்தான் சார்."

"கட்டி வந்ததா?"

"வந்துச்சு. கொதிக்காத ஊசி. போட்டது நான்."

"பாருங்க, அவங்களே சொல்றாங்க" என்றார் டாக்டர். "ஊசியைத் தினம் காலையிலே கொதிக்க வைக்கிறோம். வந்த கட்டி எல்லாம் இந்தம்மா இருந்தப்போ வந்தது. போன பிறகு ஒண்ணு வந்திருக்குன்னா யாராவது காட்டட்டும்."

அதிகாரி சன்னலைப் பார்த்துக் கேட்டார். இரண்டு பெண்கள், எங்களுக்கும் வந்தது என்றார்கள். எப்போது, எங்கே, காட்ட முடியுமா என்றதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பின்னால் போய்விட்டார்கள். கட்டி வந்த இடம் அப்படி. ஒரு கிழவர் வாய் திறக்கப் போனார், மகன் தோளைப் பிடித்து இழுத்தான். வாரா வாரம் அந்த டாக்டரிடமே வர வேண்டியவர்கள். அதிகாரி பேனாவின் மூடியைத் திருகினார். நர்சம்மா கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தரகர் வந்தார். யாரையும் பார்க்காமல் நேரே மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். திரும்பினார். வேட்டியை ஒரு பக்கமாகத் தூக்கினார்.

"யோவ், இறக்குய்யா" என்றார் அதிகாரி.

"காட்டச் சொன்னீகள்ல? நல்லாப் பாத்துக்கங்க. இன்னொருக்காக் காட்டமாட்டேன்."

சன்னலில் சிரிப்பு. நர்சம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அதிகாரி எட்டிப் பார்த்தார். டாக்டரும் பார்க்க வேண்டியதாயிற்று. ஆறாத சிவந்த குழி.

"யார் போட்டது?"

"இந்தக் கம்பவுண்டரு."

"எந்தத் தேதி?"

"தேதி எவனுக்குத் தெரியும்? எரியோட்டுக்காரன் என்கிட்ட காதறுந்த கிடாய வாங்கிட்டுப் போன சந்தை."

"இதையெல்லாம் எப்படி எழுதறது?" என்றார் டாக்டர். "அது இந்தம்மா இருந்தப்பவா, போன பிறகா?"

சன்னலிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "காதறுந்தது இல்ல மாமா, கொம்பு ஒடஞ்சது."

"ஏலே, கொம்பு ஒடஞ்சது பொட்டை. அது மணப்பாறைக்காரனுக்குப் போச்சு. காதறுந்ததுதான் எரியோட்டுக்கு."

"ஆமாமா. அன்னைக்குத்தான் மழை பேஞ்சு வெள்ளாடெல்லாம் இந்த ஆசுபத்திரித் தாவாரத்துல வந்து ஒண்டுச்சு. கம்பவுண்டரு கம்பெடுத்து வெரட்டுனாரு."

"கம்பவுண்டர் விரட்டினாரா? நர்சு இல்லையா?" அதிகாரி நிமிர்ந்தார்.

"நர்சம்மா வரல. அவுக வராத மொதச் சந்தையில நான் சோடிக் குட்டி வித்தேன். அதுக்கு ரொம்பப் பின்னாடி இது."

சோடிக் குட்டியை வாங்கியவரும் அங்கேதான் நின்றார். அவர் தலையை ஆட்டினார். அந்தச் சந்தையில் யார் எந்த ஆட்டை எப்போது விற்றான் என்பது எல்லோருக்கும் தெரியும். பொய் சொன்னால் பக்கத்தில் நிற்பவனே பிடித்துவிடுவான். ஆடுகள் ஒவ்வொன்றாக முன்னும் பின்னும் போய்த் தம் இடத்தில் நின்றன. அதிகாரி எழுதத் தொடங்கினார்.

தரகர் வேட்டியை இறக்கிவிட்டு நர்சம்மா பக்கம் திரும்பினார். "எம் பொண்டாட்டிக்கு வந்ததுக்கு ஒன்னயத் திட்டுனேன்மா. எனக்கு வந்ததுக்கு யாரத் திட்டுறது? அந்த ஊசியக் கேட்டவனே நாந்தான்."

தரகரே காட்டிய பிறகு மற்றவர்களுக்குக் கூச்சம் போய்விட்டது. இன்னும் மூன்று நான்கு ஆண்கள் வேட்டியைப் பிடித்தபடி உள்ளே நுழைந்தார்கள். "போதும், போதும், நம்புறேன்" என்று அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு கம்பவுண்டரைக் கூப்பிட்டு, ஊசியைக் கொதிக்க வைத்தீரா என்று ஒரே கேள்வி கேட்டார். கம்பவுண்டர் டாக்டரைப் பார்த்தார், அப்புறம் தன் செருப்பைப் பார்த்தார். "டாக்டர் சொன்னபடிதான் சார்" என்றார்.

வேன் என்னை ஏற்றாமல் போய்விட்டது. அதுதான் என்னை வேலையிலிருந்து நிறுத்திய விதம். திண்டுக்கல்லுக்கு ஆடு ஏற்றிய லாரி ஒன்றில் தரகர் எங்களை ஏற்றிவிட்டார். நர்சம்மாவை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நான் பின்னால் ஆடுகளோடு நின்றுகொண்டு வந்தேன். ஒரு கிடா வழியெல்லாம் என் சட்டை நுனியை மென்றது.

முடிவு வர நாளாயிற்று. அதுவரை நர்சம்மா ஒரு துணிக்கடைக்கு உள்பாவாடை தைத்துக் கொடுத்தார். நான் சுருட்டுக் கம்பெனிக்கே திரும்பியிருந்தேன். ஒருநாள் மாலை அந்தப் பக்கம் போனபோது அவருடைய தாயார் வாசலிலேயே, "பேரு இருக்காம்ப்பா, அடிக்கலையாம்" என்றார். உள்ளே நர்சம்மா தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அவர் நன்றாகச் சாப்பிட்டுப் பார்த்தேன். வெஞ்சனம் இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

டாக்டருக்குப் பெரிதாக ஒன்றும் நேரவில்லை. எச்சரித்தார்கள் என்று கேள்வி. அய்யலூர்க் கட்டிடம் கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்து மறுபடி திறந்தது. இந்தத் தடவை ஸ்டவ் வெளியே எல்லோரும் பார்க்கிற இடத்தில் எரிந்தது. எரியாவிட்டால் சந்தைக்காரர்கள் கையை நீட்டுவதில்லை. நர்சம்மாவைத் திரும்பக் கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை. வேறு இடத்தில் வேலைக்கு மனுப் போட்டபடியே இருந்தார். எரியோட்டில் அரசாங்கப் பிரசவ நிலையத்தில் நர்சு வேலை கிடைத்துத் தாயாரோடு போய்ச் சேர்ந்தார்.

அறுபதுகளின் நடுவில் நான் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். அங்கேயும் சலித்து, வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போகும் வழியில் எரியோட்டில் இறங்கினேன். பிரசவ நிலையம் எங்கே என்று கேட்டதும், "சண்டைக்கார நர்சம்மாவா?" என்று வழி காட்டினார்கள்.

தலையில் நரை விழுந்திருந்தது. என்னைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார்.

"சண்டைக்கார நர்சம்மான்னு சொல்றாங்களே" என்றேன்.

"நாள் போன மருந்த அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. வேண்டாம்னு திருப்பி அனுப்பினேன். மறுபடி அனுப்புனாங்க. மேல எழுதிப் போட்டேன்."

"மறுபடியுமா? என்ன செஞ்சாங்க?"

"கொடைக்கானல் மலை மேல மாத்திருவேன்னு ஒருத்தர் வந்து சொன்னாரு. குளிர் எனக்கு ஒத்துக்கும் சார்னேன். இந்த ஊர்ப் பொம்பளைங்க பத்துப் பதினைஞ்சு பேரு அவரு ஜீப்பு முன்னாடி போய் நின்னுட்டாங்க. அப்புறம் மாத்தல் பேச்சும் இல்ல. மருந்து புதுசாத்தான் வருது."

சொல்லும்போது அவர் குரலில் பெருமை ஒன்றும் இல்லை. கிணறு தூர் வாரிய கதையைச் சொல்வது போலச் சொன்னார். வெளியே கர்ப்பிணிகள் வரிசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு வலி கண்டுவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். "இருந்து சாப்பிட்டுப் போங்க, அம்மா சமைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு நர்சம்மா கையைக் கழுவப் போனார். நான் சாப்பிட்டு முடிக்கும்போது உள்ளே குழந்தை அழுதது. பையன் என்றார்கள். அடுத்த பஸ்ஸில் நான் மில்லுக்குப் போனேன்.